ஜோஜி லா: படத்தில் தெரியாத பாதை

காஷ்மீர்ப் பனி என்றதும் தமிழ்நாட்டில் முக்கால்வாசிப் பேருக்கு நினைவுக்கு வருவது 'ரோஜா' படம்தான். (அது காஷ்மீர்ப் பனியே அல்ல. 1992ல் அங்கே படம் பிடிக்கிற நிலைமை இல்லாததால் பனிக் காட்சிகளை இமாச்சலத்தின் மணாலிப் பக்கம் எடுத்தார்கள்.) அதற்கு அடுத்து நினைவுக்கு வருவது காலண்டரில் பார்த்த ஒரு படம். இரண்டு பக்கமும் மாடி வீட்டு உயரத்துக்குப் பனிச்சுவர். நடுவில் கறுப்பாக ஒரு சாலை. அதில் தீப்பெட்டி மாதிரி ஒரு கார். "வாழ்க்கையில ஒரு தடவையாவது இந்த ரோட்டுல போயிடணும்" என்று அதைப் பார்த்துச் சொல்லாதவர்கள் குறைவு.

அந்த மாதிரிப் படங்களில் பல எடுக்கப்பட்ட இடம் ஜோஜி லா. ஸ்ரீநகரிலிருந்து கார்கில் வழியாக லே போகும் நெடுஞ்சாலையில் இருக்கும் கணவாய். படம் பொய் சொல்லவில்லை, இடம் அழகுதான். ஆனால் அந்தச் சுவரை வெட்டியது யார், எதற்காக வெட்டினார்கள், வெட்டுகிற வரைக்கும் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்பதெல்லாம் படத்தில் வராது. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

முதலில் பெயர். லடாக்கி மொழியில் 'லா' என்றாலே கணவாய். ஆகவே 'ஜோஜிலா கணவாய்' என்று சொல்வது 'நடுசென்டர்' என்று சொல்வது போல! இருந்தாலும் அரசாங்கப் பலகை முதல் செய்தித்தாள் வரை எல்லாரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். உயரம் 11,575 அடி, அதாவது 3,528 மீட்டர். நம் தொட்டபெட்டா 2,637 மீட்டர். அதன் தலையில் இன்னும் ஒரு 900 மீட்டரை ஏற்றி வைத்தால் ஜோஜி லா.

ஆனால் உயரத்தை வைத்து இந்தக் கணவாயைப் புரிந்துகொள்ள முடியாது. அதே சாலையில் லேவுக்குப் பக்கமாக ஃபோட்டு லா என்று இன்னொரு கணவாய் உண்டு. உயரம் 4,108 மீட்டர். இந்தச் சாலையில் மிக உயரமான இடம் அதுதான். அது மாதக்கணக்கில் மூடுவதில்லை. அதைவிட உயரம் குறைந்த ஜோஜி லாதான் மூடுகிறது. லே நகரமே ஏறக்குறைய ஜோஜி லாவின் உயரத்தில்தான் இருக்கிறது. அங்கே கடை, பள்ளிக்கூடம், பஸ் நிலையம் எல்லாம் உண்டு. அப்படியானால் ஜோஜி லாவில் மட்டும் என்ன?

பதில் மேற்கே, மத்தியதரைக் கடல் பக்கம் இருக்கிறது. வட இந்தியாவின் குளிர்கால மழை வடகிழக்குப் பருவக்காற்றால் வருவதல்ல. மத்தியதரைக் கடல் பக்கமிருந்து ஈரத்தைச் சுமந்துகொண்டு, ஈரான் ஆப்கானிஸ்தான் எல்லாம் தாண்டி வரும் காற்றமைப்புகளால் வருவது. அவை இமயமலையின் பெரிய தொடரில் வந்து முட்டும்போது ஈரத்தைப் பனியாகக் கொட்டிவிடுகின்றன. கொட்டுகிற இடங்களில் ஒன்று சோனமார்க், ஜோஜி லா பகுதி. மலையைத் தாண்டி அந்தப் பக்கம் போகும்போது காற்றில் ஈரம் மிச்சமிருப்பதில்லை. அதனால்தான் லே ஒரு பாலைவனம். அங்கே வருடம் முழுவதும் பெய்வது ஏறத்தாழ 100 மில்லிமீட்டர். சென்னையில் ஒரு நல்ல நவம்பர் நாளில் பெய்கிற மழை அது.

நவம்பர் கடைசியில் ஒரு நாள் ஸ்ரீநகரிலிருந்து காலையில் கிளம்பும் ஒரு வண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். கந்தர்பல், கங்கன், குண்ட், ககன்கீர் என்று ஊர்கள் வரும். பக்கத்திலேயே ஒரு ஆறு கூட வரும். அதன் பெயர் சிந்து. ஆனால் இது நாம் பள்ளிக்கூடத்தில் படித்த சிந்து நதி அல்ல, ஜீலத்தில் போய்ச் சேரும் சின்ன சிந்து. நிஜமான சிந்துவைப் பார்க்க லடாக் வரைக்கும் போக வேண்டும். ஏறத்தாழ 80 கிலோமீட்டரில் சோனமார்க். அதைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பால்டால். அமர்நாத் யாத்திரைக்குப் போகிறவர்கள் கூடாரம் போடும் இடம் அது.

பால்டாலில் நின்று மேலே பார்த்தால் வயிறு கலங்கும். ஏறக்குறைய இரண்டாயிரம் அடி உயரத்துக்கு மலைச்சுவர். அதில் நகக்கீறல் மாதிரி சாலை. கொண்டை ஊசி வளைவுகள். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். எதிரும் புதிருமாக இரண்டு லாரிகள் வந்தால் நகர முடியாத இடங்கள் இருப்பதால், ஒரு நேரத்தில் ஒரு பக்கத்து வண்டிகளை மட்டும் விடுவது நீண்ட நாள் வழக்கம். சில திருப்பங்களுக்கு லாரிக்காரர்கள் வைத்த பெயரே போதும். ஒன்றின் பெயர் 'ஷைத்தான் நாலா', அதாவது சாத்தான் ஓடை. பனி பெய்தால் டயருக்குச் சங்கிலி கட்டாமல் ஏற முடியாது.

ஆனால் உச்சிக்குப் போனதும் ஒரு விசித்திரம். அந்தப் பக்கம் இறக்கமே இல்லை! சாலை மெதுவாக, கிட்டத்தட்டச் சமதளமாகப் போய்க்கொண்டே இருக்கிறது. கும்ரி, மினாமார்க், மடாயன், பந்திராஸ், பிறகு திராஸ். லடாக் ஒரு பெரிய மேஜை என்றால் ஜோஜி லா அந்த மேஜையின் விளிம்பு. காஷ்மீர் கீழே இருக்கும் தரை. காஷ்மீர்ப் பக்கம் பைன் மரம், பூர்ஜ மரம் என்று பச்சையாக இருக்கும். விளிம்பைத் தாண்டியதும் மரம் என்பதே இல்லை. மண் நிறத்தில் மொட்டை மலைகள். வண்டி அரைமணி நேரம் ஓடுவதற்குள் வேறு நாட்டுக்கு வந்தது போல் ஆகிவிடுகிறது.

இந்த அமைப்புதான் இந்த இடத்தின் வரலாற்றையே எழுதியது. இமயத்தின் பெரிய தொடரைத் தாண்ட இதைவிட உயரம் குறைந்த வழி அந்தப் பக்கத்தில் அரிது. அதனால் வியாபாரியும் வந்தான், படையும் வந்தது. 1320 வாக்கில் ரிஞ்சன் என்ற லடாக் இளவரசன் இந்த வழியாகக் காஷ்மீருக்குள் வந்து, பிறகு இஸ்லாத்துக்கு மாறிக் காஷ்மீரின் முதல் முஸ்லிம் அரசனானான். 1533 ஜனவரி வாக்கில், நடுக்குளிரில், யார்க்கண்ட் சுல்தானின் தளபதி மிர்ஸா ஹைதர் துக்லத் லடாக்கிலிருந்து படையோடு ஜோஜி லாவைத் தாண்டிக் காஷ்மீரில் இறங்கினார். குளிர்காலத்தில் எவனும் வரமாட்டான் என்று நம்பியிருந்தவர்களுக்கு அது பாடமாக இருந்திருக்க வேண்டும். (பாடம் நிலைக்கவில்லை. 1999ல் இதே கதை வேறு மாதிரி நடந்தது. அதற்குப் பிறகு வருவோம்.)

படைகளைவிட முக்கியமானது கம்பளி. உலகப் புகழ்பெற்ற காஷ்மீர் சால்வைக்கான பஷ்மினா காஷ்மீரில் விளைவதல்ல. லடாக்கின் கிழக்கே சாங்தாங்கிலும் திபெத்தின் மேற்குப் பகுதியிலும் மேயும் ஆடுகளின் உள்மயிர் அது. 1684ல் லடாக்குக்கும் திபெத்துக்கும் நடந்த உடன்படிக்கைக்குப் பிறகு, மேற்குத் திபெத்தின் பஷ்மினா லடாக் வழியாகக் காஷ்மீருக்கு மட்டுமே போக வேண்டும் என்று ஏற்பாடானது. பொருளாதாரப் பாடத்தில் 'முற்றுரிமை' என்று படிக்கிறோமே, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. ஆடு ஒரு நாட்டில், தறி இன்னொரு நாட்டில், இரண்டுக்கும் நடுவே பனி மூடும் ஒரே ஒரு கதவு. கிழக்கிந்தியக் கம்பெனி ஆளான வில்லியம் மூர்கிராஃப்ட் லேயில் இரண்டு வருடம் தங்கிவிட்டு 1822ல் இந்தப் பக்கமாகத்தான் காஷ்மீருக்கு வந்தார். குதிரை வாங்கப் போகிறேன் என்று கிளம்பியவர், சால்வைத் தொழிலைப் பற்றி வண்டி வண்டியாகக் குறிப்பெழுதி வைத்தார்.

சரி, அந்தக் கம்பளியைச் சுமந்தது யார்? இந்த வழியில் சரக்கு ஏற்றுவதையே பிழைப்பாகக் கொண்ட 'கிராயாகஷ்' என்ற கூட்டத்தார் இருந்தார்கள். 'கிராயா' என்றால் வாடகை. திராஸ், கார்கில் பக்கத்துக் குதிரைக்காரர்கள். இன்றைய லாரி புக்கிங் ஆபீசின் முன்னோடிகள் என்று வைத்துக்கொள்ளலாம். அவர்களாவது தொழிலாகச் செய்தார்கள். இன்னொரு பக்கம் 'ரெஸ்' என்று ஒரு முறை இருந்தது. அரசாங்க அதிகாரி, தபால், வெளிநாட்டுப் பயணி யார் வந்தாலும் வழியிலுள்ள கிராமங்கள் முறைவைத்துக் குதிரையும் ஆளும் கொடுக்க வேண்டும். கூலி என்று ஏதோ ஒன்று நிர்ணயித்திருந்தாலும், வயலில் வேலை இருக்கிறது என்று மறுக்க முடியாது. லடாக்கில் விவசாயம் செய்ய முடிவதே வருடத்தில் நாலைந்து மாதம். பயணிகள் வருவதும் அதே மாதங்களில்தான்! அந்தக் கால ஐரோப்பியர்களின் பயண நூல்களில் ஜோஜி லாவின் இயற்கைக் காட்சிக்கு ஒதுக்கிய இடம், மூட்டையைச் சுமந்துகொண்டு பின்னால் வந்தவர்களுக்குக் கிடைக்கவில்லை.

இப்போது 1948.

நாடு பிரிந்து சில மாதங்கள். காஷ்மீரில் போர். லடாக்கைக் காக்க லேயில் இருந்தது ஒரு சிறு படைதான். சாலை கிடையாது, விமான தளம் கிடையாது. பிப்ரவரி மாதம், ஜோஜி லா முழுப் பனியில் இருக்கும்போது, மேஜர் பிரிதி சந்த் தலைமையில் சுமார் நாற்பது பேர் துப்பாக்கிகளோடு கால்நடையாக அதைத் தாண்டினார்கள். பிரிதி சந்தும் அவரோடு போன உறவினர்களும் இமாச்சலத்தின் லாஹௌல் பகுதியைச் சேர்ந்தவர்கள். பனியில் பிறந்து வளர்ந்தவர்கள் என்பதால்தான் அது முடிந்தது. மார்ச் மாதம் லே போய்ச் சேர்ந்து, உள்ளூர் இளைஞர்களுக்குத் துப்பாக்கி பிடிக்கக் கற்றுக் கொடுத்தார்கள். சோனம் நோர்பு என்ற லடாக்கிப் பொறியாளர் ஊர் மக்களை வைத்துக்கொண்டே ஒரு விமான ஓடுபாதை அமைத்தார். மே 24ஆம் தேதி மெஹர் சிங் ஓட்டி வந்த டகோட்டா விமானம் அதில் இறங்கியது. லே தப்பித்தது.

ஆனால் விமானத்தில் எவ்வளவுதான் கொண்டுபோக முடியும்? அதற்குள் கார்கிலும் திராஸும் எதிரி கைக்குப் போய்விட்டன. கோடையில் ஜோஜி லாவும் போனது. கணவாயின் இரு பக்க உயரங்களிலும் எதிரியின் இயந்திரத் துப்பாக்கிகள். செப்டம்பரில் இந்தியப் படை நடத்திய தாக்குதல்கள் தோற்றன. குளிர்காலம் நெருங்கியது. பனி மூடிவிட்டால் அடுத்த மே வரை ஒன்றும் செய்ய முடியாது. அதுவரை லே தாங்குமா என்பது யாருக்கும் தெரியாது.

அந்த நிலையில்தான் மேஜர் ஜெனரல் திம்மையா (நம் பக்கத்துக் குடகுக்காரர்) ஒரு பைத்தியக்கார யோசனையைச் சொன்னார். டாங்கிகளை ஏற்றுவோம்! கோவேறு கழுதை போகும் பாதையில், பதினோராயிரம் அடிக்கு மேல். அந்த உயரத்தில் அதுவரை உலகில் எங்கும் டாங்கி போரில் இறங்கியதில்லை. 7வது லைட் காவல்ரியின் ஸ்டூவர்ட் வகை இலகு டாங்கிகள் ஜம்மு பக்கமிருந்து வரவழைக்கப்பட்டன. எதிரிக்குத் தெரியக் கூடாது என்பதற்காக மேலே உள்ள சுழலும் பீரங்கிப் பகுதியைக் கழற்றி, தார்ப்பாய் போட்டு மூடிக் கொண்டுவந்தார்கள். பலவீனமான பாலங்களில் அவற்றைக் கடத்துவதே ஒரு தனிப் பாடு.

எல்லாம் சரி, பாதை? இங்கேதான் நம் ஊர்க் கதை வருகிறது. மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற மதராஸ் பொறியாளர் படையின் இரண்டு கம்பெனிகள் அந்தக் கழுதைப் பாதையை வண்டி போகும் பாதையாக மாற்றும் வேலையை எடுத்தன. 1780ல் தொடங்கிய படை அது. தலைமையகம் பெங்களூரில் இருந்தாலும், ஆட்கள் தமிழ்நாடு, கேரளம், ஆந்திரம், கர்நாடகம் என்று தெற்கிலிருந்து வருகிறவர்கள். ராணுவத்தில் அவர்களுக்குச் செல்லப் பெயரே 'தம்பி'. வெயில் ஊரில் பிறந்த தம்பிகள், மேலே எதிரி பார்த்துக்கொண்டிருக்க, அக்டோபர் குளிரில் பாறையை வெடிவைத்து உடைத்துப் பாதை போட்டார்கள். டாங்கி கொண்டுவந்த படைப்பிரிவின் பூர்வீகமும் 1784ல் தொடங்கிய மதராஸ் குதிரைப்படைதான் என்பது இன்னொரு ஆச்சரியம்.

தாக்குதல் வானிலையால் தள்ளிப்போய், கடைசியில் 1948 நவம்பர் 1ஆம் தேதி நடந்தது. பனி பெய்துகொண்டிருந்தது. லெப்டினன்ட் கர்னல் ராஜிந்தர் சிங்கின் டாங்கிகள் முன்னால் ஏறின. (இவருக்கு 'ஸ்பாரோ', அதாவது சிட்டுக்குருவி என்று பட்டப்பெயர்!) திம்மையாவே முன்னணி டாங்கி ஒன்றில் இருந்தார் என்று போர் வரலாறுகள் சொல்கின்றன. அந்த உயரத்தில் டாங்கியை எதிர்பார்க்காத எதிரிப்படை நிலைகுலைந்தது. அன்றே கணவாய் கைக்கு வந்தது. நவம்பர் நடுவில் திராஸ். நவம்பர் 24 வாக்கில் கார்கிலில், லேயிலிருந்து வந்த படையும் இந்தப் படையும் சந்தித்தன. போதிய குளிர் உடை இல்லாமல் போரிட்டதால் பனிக்கடிக்கு ஆளானவர்கள் பலர்.

இதைப் பற்றி எழுதுகிறவர்கள் டாங்கியைப் பற்றியே எழுதுகிறார்கள். நியாயம்தான், டாங்கி கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் அந்த வாரங்களில் போட்ட பாதை இல்லாவிட்டால் டாங்கி பால்டாலிலேயே நின்றிருக்கும்.

போர் ஓய்ந்த பிறகு லடாக்கின் நிலைமை தலைகீழானது. அதுவரை அது நாலு பக்கமும் வழி திறந்த சந்தை. வடக்கே யார்க்கண்ட், கிழக்கே திபெத், கார்கிலிலிருந்து ஸ்கர்டு. போர்நிறுத்தக் கோடு ஸ்கர்டு வழியை அடைத்தது. சீனாவில் ஏற்பட்ட மாற்றங்கள் யார்க்கண்ட், திபெத் வழிகளை அடைத்தன. மிஞ்சியது ஜோஜி லா மட்டும். அதுவும் வருடத்தில் பாதி நாள்தான் திறந்திருக்கும். 1960 மே மாதம் எல்லைச் சாலைகள் அமைப்பு உருவாக்கப்பட்டது. அந்தப் பத்தாண்டின் தொடக்கத்தில் லே வரைக்கும் லாரி போகத் தொடங்கியது. மணாலியிலிருந்து லே போகும் இன்னொரு சாலை பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது 1989ல்தான். அதுவும் பனியில் மூடுகிற சாலையே.

ஆகவே குளிர்காலம் என்பது லடாக்கில் ஒரு பருவம் மட்டுமல்ல, ஒரு வணிகக் கணக்கு. நம் ஊர் மளிகைக்கடைக்காரர் இன்று மாலை சர்க்கரை தீர்ந்தால் நாளைக் காலை வாங்கி வைத்துவிடுவார். பி.காம். புத்தகத்தில் 'சரக்கிருப்புச் சுழற்சி வீதம்' என்று ஒரு கணக்கு வரும், சரக்கு எவ்வளவு வேகமாக விற்றுத் திரும்புகிறதோ அவ்வளவு நல்லது என்று. அந்தக் கணக்கைக் கார்கில் கடைக்காரரிடம் சொன்னால் சிரிப்பார். அவர் நவம்பருக்குள் ஏப்ரல் வரைக்குமான அரிசி, பருப்பு, எண்ணெய், சோப்பு எல்லாம் வாங்கி அடுக்க வேண்டும். போட்ட பணம் மாதக்கணக்கில் மூட்டையாகக் கிடக்கும். கடன் வாங்கிப் போட்டிருந்தால் வட்டி ஓடிக்கொண்டிருக்கும். கெட்டுப்போனது நஷ்டம். வாங்காமல் விட்டது தட்டுப்பாடு. விலை கூடாமல் என்ன செய்யும்? குளிர்காலத்தில் லேயில் தக்காளி விலை கேட்டு அதிர்ச்சியடையும் சுற்றுலாப் பயணி, கடைக்காரரைத் திட்டுவதற்கு முன் இதை ஒரு நிமிடம் நினைக்கலாம்.

வீடுகளிலும் அதே கணக்குதான். கோடையில் விளைந்த முட்டைக்கோஸ், டர்னிப், உருளைக்கிழங்கு எல்லாம் மண்ணுக்கடியில் குழி தோண்டிப் புதைத்து வைக்கப்படும். கீரை, வாதுமைப்பழம், பாலாடைக்கட்டி எல்லாம் வெயிலில் உலர்த்தி வைக்கப்படும். வறுத்த பார்லி மாவான சம்பாதான் குளிர்காலத்தின் அடிப்படைச் சாப்பாடு. (பெயரைப் பார்த்து நம் சம்பா அரிசியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.) ராணுவமோ இதே வேலையைப் பிரம்மாண்டமான அளவில் செய்கிறது. கோடை முழுவதும் லாரி லாரியாக உணவும் எரிபொருளும் மேலே போகும். அந்தக் குளிரில் சாதாரண டீசல் மெழுகு போல உறையும் என்பதால், லாரி டேங்குக்குக் கீழே தீ மூட்டி இளக்குவது டிரைவர்களின் பழைய வித்தை. (டீசல் டேங்குக்கு அடியில் தீ! வேறு வழி இல்லாதவன் கண்டுபிடிப்பு.) மைனஸ் 33 டிகிரி வரை உறையாத தனி டீசலை இந்தியன் ஆயில் லடாக்குக்கென்று கொண்டுவந்தது 2019 நவம்பரில்தான்.

சரக்குக்குக் குழி தோண்டலாம், நோய்க்கு என்ன செய்வது? சாலை மூடிய பிறகு திராஸிலோ கார்கிலிலோ ஒருவருக்குப் பெரிய வியாதி வந்தால் வானத்தைப் பார்க்க வேண்டியதுதான். விமானப்படையின் ஏ.என்.32 விமானம் 'கார்கில் கூரியர்' என்ற பெயரில் குளிர்காலத்தில் ஜம்மு, ஸ்ரீநகருக்கு ஆட்களை ஏற்றிச் செல்கிறது. ஆனால் மேகம் கவிந்தால் அதுவும் பறக்காது.

இந்தச் சாலை எவ்வளவு முக்கியம் என்பதை மற்றவர்களைவிட நன்றாகப் புரிந்துகொண்டவர்கள் 1999ல் பாகிஸ்தான் தளபதிகள்தான். திராஸுக்கு மேலே உள்ள சிகரங்களில் குளிர்காலத்தில் யாரும் இருப்பதில்லை என்பதைப் பயன்படுத்தி ஆட்களை உட்கார வைத்தார்கள். தோலோலிங்கிலிருந்தும் டைகர் ஹில்லிலிருந்தும் பார்த்தால் நெடுஞ்சாலை கீழே கோடு போட்டது மாதிரி தெரியும். லாரிகள் இரவில் விளக்கை அணைத்துவிட்டு ஓடின. தோலோலிங்கை ஜூன் 13ஆம் தேதியும், டைகர் ஹில்லை ஜூலை 4ஆம் தேதியும் இந்திய ராணுவம் மீட்டது. போர் மூண்டதற்குக் காரணங்கள் பல. ஆனால் அந்தச் சிகரங்களைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் கீழே ஓடிய இந்தத் தார்ச்சாலை.

மறுபடியும் அந்தக் காலண்டர் படத்துக்கு வருவோம். பனிச்சுவரை வெட்டுவது எப்படி? எல்லைச் சாலைகள் அமைப்பின் ஒரு குழு சோனமார்க் பக்கமிருந்தும், இன்னொரு குழு திராஸ் பக்கமிருந்தும் புறப்படும். புல்டோசர்கள் பனியைத் தள்ளும். பனிவெட்டி இயந்திரங்கள் அதை வாரி ஊற்று மாதிரி பள்ளத்தில் பீய்ச்சும். மாலையில் சுத்தம் செய்த இடத்தில் இரவில் பனிச்சரிவு விழுந்து மூடிவிடுவதும் உண்டு. மறுநாள் முதலிலிருந்து ஆரம்பம். இரண்டு குழுக்களும் நடுவில் சந்திக்கும் நாள் அவர்களுக்குத் திருவிழா.

இந்த வேலையின் வேகம் சமீப வருடங்களில் நம்ப முடியாத அளவு மாறியிருக்கிறது. முன்பெல்லாம் ஆறு மாதம் வரை மூடியிருந்த கணவாய், 2022ல் 73 நாளில் திறந்தது. 2023ல் 68 நாள். 2024ல் 35 நாள். 2025ல் 32 நாள், ஏப்ரல் 1ஆம் தேதி திறந்துவிட்டார்கள். மேலே சொன்ன கடைக்காரரின் கணக்கில் இந்த எண்களைப் போட்டுப் பாருங்கள். ஐந்து மாத மூட்டை ஒரு மாத மூட்டையாகிறது. வட்டி குறைகிறது. இதை எந்தப் பட்ஜெட் உரையிலும் 'சலுகை' என்று படிக்க மாட்டார்கள், ஆனால் லடாக்கில் ஒவ்வொரு வீட்டுக்கும் கிடைத்த சலுகை இது.

இயந்திரத்துக்குப் பின்னால் ஆட்கள் இருக்கிறார்கள். லடாக்கின் எல்லைச் சாலைகளில் கல் உடைப்பவர்கள், தார் ஊற்றுபவர்களில் பெரும்பங்கினர் ஜார்க்கண்டின் தும்கா போன்ற மாவட்டங்களிலிருந்து வரும் பழங்குடித் தொழிலாளர்கள். ஒப்பந்தக் கூலிகள். பல வருடங்களாக வந்தாலும் அவர்கள் இருப்பதே நாட்டுக்குத் தெரிந்தது 2020ல்தான். கொரோனா ஊரடங்கில் லேயில் மாட்டிக்கொண்ட அறுபது பேரை மே மாதக் கடைசியில் ஜார்க்கண்ட் அரசு விமானத்தில் ஊருக்கு அழைத்து வந்தது. செய்தித்தாள்களில் படம் வந்தது. அடுத்த மாதமே, சீன எல்லையில் பதற்றம் மூண்டிருந்த நேரத்தில், தும்காவிலிருந்து ஒரு தனி ரயில் நிறையத் தொழிலாளர்கள் மறுபடியும் சாலை வேலைக்கு அனுப்பப்பட்டார்கள். கூலியும் பாதுகாப்பும் பற்றி எல்லைச் சாலைகள் அமைப்போடு முறையாகப் பேசிய பிறகே ஆள் அனுப்புவோம் என்று அந்த மாநில அரசு அப்போதுதான் கேட்டது. ரெஸ் முறையில் குதிரை பிடித்துக்கொண்டு போனவனுக்குக் கிடைக்காத பேரம், அவ்வளவு காலம் கழித்து இவர்களுக்காக நடந்தது.

இனி சுரங்கப்பாதை. ஜோஜி லாவுக்கு அடியில் 13 கிலோமீட்டருக்கு மேல் நீளமான சுரங்கத்துக்கு 2018 மே மாதம் பிரதமர் மோடி அடிக்கல் நாட்டினார். ஒப்பந்தம் கைமாறி, 2020 அக்டோபரில்தான் முதல் வெடி வைத்தார்கள். இதோடு சேர்ந்த இன்னொரு சுரங்கம், ககன்கீருக்கும் சோனமார்க்குக்கும் நடுவில், ஆறரைக் கிலோமீட்டர் நீளம். அது 2025 ஜனவரி 13ஆம் தேதி திறக்கப்பட்டது. குளிர்காலத்தில் காலியாகிவிடும் சோனமார்க்குக்கு இப்போது பனிக்காலத்திலும் வண்டி போகலாம். ஆனால் அது திறப்பதற்கு மூன்று மாதம் முன்பு, 2024 அக்டோபர் 20ஆம் தேதி இரவு, ககன்கீரில் அந்தச் சுரங்க வேலையாட்கள் தங்கியிருந்த முகாமில் தீவிரவாதிகள் நடத்திய துப்பாக்கிச் சூட்டில் ஏழு பேர் இறந்தார்கள். ஒருவர் மருத்துவர், மற்றவர்கள் அங்கே வேலைக்கு வந்தவர்கள். சோனமார்க் போகிற காரில் உட்கார்ந்தால் அந்தச் சுரங்கத்தைக் கடக்கச் சில நிமிடம்தான் ஆகும்.

ஜோஜி லா சுரங்கம் முழுதும் பயன்பாட்டுக்கு வந்த பிறகு மேலே உள்ள பாதைக்கு என்ன ஆகும்? மணாலிக்கு அருகே ரோதாங் கணவாயில் இதற்கு விடை இருக்கிறது. அங்கே 9.02 கிலோமீட்டர் அடல் சுரங்கம் 2020 அக்டோபர் 3ஆம் தேதி திறந்தது. லாஹௌல் மக்களின் பஸ், ஆம்புலன்ஸ், உருளைக்கிழங்கு லாரி எல்லாம் கீழே சுரங்கத்தில் போகத் தொடங்கின. மேலே பழைய கணவாய்க்குப் போகிறவர்கள் பனியைப் பார்க்க வரும் சுற்றுலாப் பயணிகள். ஜோஜி லாவிலும் அப்படித்தான் ஆகும். மடாயன்காரருக்கு மேலே ஏற வேண்டிய அவசியமே இருக்காது. அன்றைக்கு அந்தப் பனிச்சுவர் படம் எடுப்பதற்கு மட்டுமான இடமாகிவிடும்.